லயனுக்கு வந்த விரிவுரை

2020 மார்ச்சில் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது எம் பிள்ளைகள் பேராதனையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தாறுமூலையிலிருந்தும் பெட்டி படுக்கையோடு லயனுக்குத் திரும்பினார்கள். கொஞ்ச நாளில் விரிவுரைகளும் பின்னாலேயே வந்து சேர்ந்தன, கைத்தொலைபேசி வழியாக. பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ன்' வலையமைப்பின் ஊடாக சூம் வகுப்புகளுக்கு டேட்டா காசு அறவிடாத ஏற்பாடும் செய்யப்பட்டது. அது நல்ல காரியம், நாம் மறுக்கவில்லை. ஆனால் இலவச டேட்டாவுக்கும் சிக்னல் வேண்டுமே. தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு கோடு, கோயில் மேட்டில் இரண்டு கோடு என்று குடையும் கொப்பியுமாக மலையேறிய பிள்ளைகளை நாம் எல்லோரும் பார்த்தோம். ஒரு கையில் போன், மறு கையால் காலில் ஏறிய அட்டையைப் பிடுங்குவது. பதுளை மாவட்டத்தில் பொஹிட்டியாவ கிராமத்துப் பாடசாலைப் பிள்ளைகள் சிக்னல் தேடிப் பாறையில் ஏறிய செய்தி 2021இல் உலகப் பத்திரிகைகளில் வந்தது. எங்கள் மலைகளில் அது செய்தியே இல்லை, அன்றாடம்.

கொரோனா முடிந்துவிட்டதே, இப்போது ஏன் இந்தக் கதை என்று கேட்கலாம். கொரோனா போய்விட்டது, போன் போகவில்லை. இன்று எந்தப் பீடத்தில் படித்தாலும் பாடக்குறிப்பு, ஒப்படை, அறிவித்தல் எல்லாம் பெரும்பாலும் இணையத்தில்தான். விடுமுறைக்கு வந்த மகள் போனும் கையுமாக இருந்தால், "எந்நேரமும் அதையே நோண்டிக்கொண்டிரு" என்று ஏசுகிறோம். பாதி நேரம் அவள் படித்துக்கொண்டுதான் இருக்கிறாள். மீதி நேரம் என்ன செய்கிறாள் என்பதும் எமக்குத் தெரியும், அதை விடுவோம்.

செலவைப் பார்ப்போம். 2020இல் அடிப்படை நாள் சம்பளம் 700 ரூபா. மாதம் 25 பேர் விழுந்தாலும் 17,500 ரூபாதான். பிடித்தமும் கடைக்கணக்கும் போக மிஞ்சியதில் ஸ்மார்ட் போன் வாங்க முடியாமல், தீபாவளி முற்பணத்திலும் காதுத்தோட்டை அடகு வைத்தும் வாங்கிய தாய்மார் எத்தனை பேர்! மஹாபொல 2025இல் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகக் கூடியிருக்கிறது. தங்குமிடம், சாப்பாடு, பஸ் என்று பார்த்தால் அதில் டேட்டாவுக்கு என்ன மிஞ்சும்?

இதனால் தொழில்நுட்பமே வேண்டாம் என்பது எம் வாதமல்ல. உண்மையில் அது யாருக்காவது அதிகம் உதவுமென்றால் எம் பிள்ளைகளுக்குத்தான். தோட்டப் பாடசாலையில் உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளை, முதல் நாளே ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கிறது. பத்து நிமிடத்துக்குள் நாலு சொல் புரியாமல் போனால் மீதி ஐம்பது நிமிடமும் போய்விடும். கொழும்புப் பிள்ளைகளுக்கு நடுவில் எழுந்து நின்று, "சேர், திரும்பச் சொல்லுங்கள்" என்று கேட்க வாய் வராது. அதே விரிவுரை பதிவாக இருந்தால்? நிறுத்தலாம், பின்னுக்குத் தள்ளி மூன்று தரம் கேட்கலாம், சொல்லைத் தேடிப் பார்க்கலாம். யாரும் சிரிக்கப் போவதில்லை. கேள்வியைக்கூட இரவில் எழுதி அனுப்பலாம். இந்த ஒன்றுக்காகவே எல்லா விரிவுரைகளையும் பதிவு செய்து கொடுக்க வேண்டும் என்று நாம் கேட்கிறோம்.

ஆனால் சில இடங்களில் நடப்பது வேறு. திரையில் உள்ளதை விரிவுரையாளர் இரண்டு மணித்தியாலம் வாசிக்கிறார்; பதிவு இல்லை. இணைப்பில் இருந்த நிமிடத்தை எண்ணி வரவு போடுகிறார்கள். ஜூன், ஜூலையில் காற்றடித்து மரம் விழுந்தால் கரண்ட் போகும், கூடவே சிக்னலும் போகும். பிள்ளைக்கு வரவு இல்லை! பெரட்டுக்களத்துக்குப் பத்து நிமிடம் பிந்திப் போனவரைத் திருப்பி அனுப்பிய பழைய பழக்கம்தான் எமக்கு நினைவு வருகிறது. மின்தடையைக் காரணம் காட்டினால் ஏற்றுக்கொள்ளும் விதி வேண்டும், ஒப்படை அனுப்பவும் கூடுதல் நேரம் வேண்டும். படத்தோடு ஒரு மணித்தியாலம் வகுப்பு என்றால் நூற்றுக்கணக்கான எம்பி டேட்டா போகும். குரலை மட்டும் சிறிய கோப்பாகக் கொடுத்தால் 30 எம்பி அளவில் முடியும், அதோடு ஒரு பீடிஎஃப் குறிப்பும் இருந்தால் போதும். இதற்குக் கோடிக்கணக்கில் செலவில்லை, மனம்தான் வேண்டும்.

செயற்கை நுண்ணறிவைப் பற்றியும் கேட்கிறார்கள். ஆங்கிலக் குறிப்பைக் கொடுத்துத் தமிழில் விளக்கம் கேட்பது நல்லதுதான், ஆனால் அது துணிந்து பிழையும் சொல்லும். புத்தகத்தோடு ஒத்துப் பார்க்காமல் நம்பக் கூடாது. அது எழுதியதை அப்படியே ஒப்படையாகக் கொடுப்பது வேறு விடயம். அந்தப் பிள்ளை நாளைக்கு வேலைக்குப் போய் என்ன எழுதும்?

இசட் புள்ளி போதாமல் கொழும்புக் கடைகளுக்குப் போன பிள்ளைகளையும் மறக்கக் கூடாது. 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகம் தொலைக்கல்விக்கென்றே உள்ளது. ஹட்டனிலும் அதற்குக் கற்கை நிலையம் உண்டு. உயர்தரம் சித்தியடையாதவர்களுக்கும் அடிப்படைப் பாடநெறி வழியாக உள்ளே போக இடமிருக்கிறது. கட்டணம் உண்டுதான். ஆனாலும் வேலை செய்துகொண்டே படிக்க எம் பிள்ளைகளுக்குத் திறந்திருக்கும் கதவுகளில் இது ஒன்று. பல குடும்பங்களுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

பல்கலைக்கழகத்திடம் கேட்பது ஒரு பக்கம். எட்டுக்குப் பத்துக் காம்பராவில், ஒருபுறம் டிவி, ஒருபுறம் அடுப்புப் புகை, நடுவில் தம்பி தங்கை. இதற்குள் எந்தத் தொழில்நுட்பம் என்ன செய்யும்? ஒவ்வொரு டிவிசனிலும் மாலையில் பூட்டிக் கிடக்கும் பிள்ளை மடுவமோ சனசமூக நிலையமோ இருக்கிறது. கரண்ட் இருக்கிறது. நாலு மேசை, ஒரு ரூட்டர், இரவு ஒன்பது மணி வரை சாவி. இதைத் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்கச் சங்கம் முடிவு செய்ய வேண்டும். சிக்னல் கோபுரத்துக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு மனுக் கொடுக்க வேண்டும். வெறும் "எங்கள் பக்கம் சிக்னல் இல்லை" என்று எழுதினால் மனு மேசையிலேயே கிடக்கும்.

ஆகவே தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் அடுத்த மாவட்டக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு தாள் கொண்டு வாருங்கள். எந்த டிவிசன், எந்த லயன், எந்த நேரத்தில் சிக்னல் இல்லை, அங்கே கெம்பஸிலும் கல்வியியல் கல்லூரியிலும் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், பூட்டிக் கிடக்கும் கட்டடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது. பிள்ளைகளிடமே எழுதச் சொல்லுங்கள், அவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும்.