கற்பதற்குக் கூச்சம் ஏன்?

ஹிரா குகையில் முதல் இறைவசனம் இறங்கிய 610ஆம் ஆண்டில் அண்ணல் நபி (ஸல்) அவர்களுக்கு வயது நாற்பது. அவ்வசனம் ஓதுமாறு பணித்தது என்பதை நம் வீட்டுக் குழந்தைகளும் சொல்லும். ஆனால் நாற்பது வயதுடைய ஒருவரை நோக்கி, அதிலும் எழுதப் படிக்கக் கற்றிராத ஒருவரை நோக்கி அக்கட்டளை பிறந்தது என்பதில் நாம் போதிய கவனம் செலுத்துவதில்லை. பிள்ளைகளை மக்தபுக்கு அனுப்பும் நாளில் அவ்வசனத்தை நினைவுகூர்கிறோம். கல்வியின் சிறப்பை மேடையில் பேசும்போதும் எடுத்தாளுகிறோம். நாற்பதைக் கடந்த நமக்கும் அது சொல்லப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே.

நம் ஊர்களில் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. ஓர் இல்லத்தில் மௌத் நிகழ்ந்துவிட்டால், திருமறையின் முப்பது ஜுஸ்உகளும் தனித்தனி நூல்களாக விரிப்பின் நடுவே வைக்கப்படும். வந்திருப்போர் ஆளுக்கொன்றாக எடுத்து ஓதுவர். (இவ்வழக்கம் பற்றி ஆலிம்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டுக்குள் நாம் இங்கே நுழையவில்லை.) அக்கூட்டத்தில் ஊரறிந்த பெரியவர் ஒருவரும் அமர்ந்திருப்பார். அவர் கையிலும் ஒரு ஜுஸ்உ இருக்கும். உதடுகள் அசையும், பக்கங்களும் உரிய நேரத்தில் புரளும். ஆனால் அவர் ஓதுவதில்லை. அவருக்கு ஓதத் தெரியாது. பக்கத்திலிருப்பவர் ஏடு புரட்டும்போது தாமும் புரட்டுகிறார். பிறர் மூடி வைக்கும்போது தாமும் மூடி வைக்கிறார்.

அவரைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. ஐவேளைத் தொழுகையைப் பேணி வருபவர் அவர்; ஜகாத்தைக் கணக்கிட்டுக் கொடுப்பவர். இளமையில் தந்தையை இழந்து, ஓத வேண்டிய வயதில் ஒரு கடையின் கல்லாவுக்கருகே நிறுத்தப்பட்டவராக அவர் இருக்கலாம். பிறகு பிழைப்பு, திருமணம், பிள்ளைகளின் படிப்பு என்று ஆண்டுகள் ஓடிவிட்டன. தெரியாது என்பதை முதலில் சில நாட்கள் மறைத்தார். அச்சில நாட்கள் ஐம்பது ஆண்டுகளாக நீண்டுவிட்டன. பெண்கள் கூடி யாஸீன் ஓதும் சபைகளிலும் இப்படிச் சிலர் உண்டு என்பதை வீட்டுப் பெண்கள் அறிவர்.

கேட்டால் நேரமில்லை என்பார்; நினைவாற்றல் குறைந்துவிட்டது என்பார். அவற்றில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயினும் உண்மையான தடை அவையல்ல என்பதே நம் கருத்து. இந்த வயதில் யாரிடம் போய் அலிஃப், பா, தா என்று தொடங்குவது? உஸ்தாத் தம் மகனைவிட இளையவர். உடன் அமர்ந்திருப்பவை ஏழு வயதுப் பிள்ளைகள். பேரன் கேட்டால் சிரிப்பானே! தம்மைவிட இளையோர் முன்னிலையில் தெரியாது என்று சொல்ல நேரும் கூச்சமே அவரைத் தடுக்கிறது. இக்கூச்சத்தை நம் முன்னோர் எவ்வாறு கடந்தனர் என்பதற்கு ஹதீஸ் நூல்களில் தெளிவான சான்று இருக்கிறது.

உமர் (ரலி) அவர்களின் காலத்தில் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்கள் அவர்களைக் காண வந்தார்கள். வாசலில் நின்று மூன்று முறை அனுமதி கேட்டார்கள்; விடை வராததால் திரும்பிவிட்டார்கள். ஏன் திரும்பினீர் என்று உமர் (ரலி) அவர்கள் வினவியபோது, மூன்று முறை கேட்டும் அனுமதி கிடைக்காவிடில் திரும்பிவிட வேண்டுமென்பது நபிகளாரின் கட்டளை என்று விடை வந்தது. உமர் (ரலி) அவர்கள் அதைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. சாட்சி கொண்டுவருமாறு கூறினார்கள். அபூமூஸா (ரலி) அவர்கள் அன்ஸாரிகளின் சபைக்குச் சென்று செய்தியைச் சொன்னார்கள். அங்கிருந்தோர் செய்ததுதான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. இச்செய்தி எங்கள் அனைவருக்கும் தெரியும், எங்களில் வயதில் மிக இளையவரையே அனுப்புகிறோம் என்று கூறி, அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்களை அனுப்பினார்கள். பாரசீகத்தையும் ரோமையும் நடுங்கச் செய்த கலீஃபாவுக்கு, சபையிலேயே இளையவர் ஒருவர் வந்து பாடம் சொன்னார். அதைக் கேட்ட உமர் (ரலி) அவர்கள் சினம் கொள்ளவில்லை. கடைவீதி வணிகம் தம் கவனத்தை ஈர்த்துவிட்டதால் இச்செய்தி தமக்கு எட்டாமற் போயிற்று என்று, பலர் அறிய, வெளிப்படையாகச் சொன்னார்கள்.

கடைவீதி வணிகம்! நம் சமுதாயத்துப் பெரியவர்கள் சொல்லும் அதே காரணம். காரணம் ஒன்றாயினும் அதை ஒளிக்காமல் சொல்லிவிட்டு அங்கேயே கற்றுக்கொண்டது உமர் (ரலி) அவர்களின் பெருமை.

அவர்கள் மதீனாவில் வாழ்ந்த முறையும் பிழைப்பிலே மூழ்கியிருப்போர் அறிய வேண்டியது. நகரின் மேட்டுப் பகுதியில் அவர்கள் இல்லம் இருந்தது. அண்டை வீட்டு அன்ஸாரித் தோழர் ஒருவருடன் முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் இவர்கள் நபிகளாரின் சபைக்குச் சென்று, அன்று கேட்டதை மாலையில் அவருக்குச் சொல்வார்கள். மறுநாள் அவர் சென்று இவர்களுக்குச் சொல்வார். வேலையும் நடந்தது, கல்வியும் நடந்தது. அப்போது அவர்களுக்கு வயது ஏறத்தாழ நாற்பது. தலைமைப் பொறுப்பு வருமுன் கற்றுக்கொள்ளுங்கள் என்னும் கருத்தில் உமர் (ரலி) அவர்கள் கூறியதை எடுத்தெழுதிய இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள், பொறுப்பு வந்த பின்னும் கற்க வேண்டும், நபித்தோழர்கள் முதிய வயதிலும் கற்றார்கள் என்று தம் குறிப்பையும் உடன் சேர்த்து வைத்தார்கள். முந்திய வாசகத்தை மட்டும் படித்துவிட்டு, காலம் கடந்துவிட்டது என்று யாரும் சோர்ந்துவிடக் கூடாது என்று எண்ணினார்கள் போலும்.

வெள்ளிதோறும் நம் இல்லங்களில் ஓதப்படும் கஹ்ஃப் அத்தியாயத்திலும் இச்செய்தி இருக்கிறது. தவ்ராத் வேதம் அருளப்பெற்ற மூஸா (அலை) அவர்கள், தமக்குத் தெரியாத ஓர் அறிவைப் பெறுவதற்காக, இரு கடல்கள் கூடுமிடத்தை அடையும் வரை ஓயமாட்டேன் என்று பயணம் புறப்படுகிறார்கள்; கிள்று (அலை) அவர்களைக் கண்டதும், எனக்குக் கற்பிப்பதற்காக உங்களைப் பின்தொடரலாமா என்று அனுமதி கேட்கிறார்கள். இறைத்தூதர் ஒருவர் மாணவராக நிற்கும் அந்த இடத்தை வாரந்தோறும் கடந்துபோகிறோம்.

இனி ஓர் இரும்புப் பட்டறைக்கு வருவோம். குராஸானில் மர்வ் நகரில் பூட்டுச் செய்து பிழைத்தவர் ஒருவர் இருந்தார். தானிய மணிகள் சிலவற்றின் எடைக்குள் பூட்டும் சாவியும் செய்யும் அளவுக்குக் கைத்திறன் வாய்ந்தவர். முப்பது வயதாகும் வரை அதுவே அவர் தொழில். அதன் பிறகே மார்க்கச் சட்டம் கற்கப் புறப்பட்டார். ஆசிரியர் முதல் நாள் மூன்று சொற்களை மட்டும் சொல்லிக் கொடுத்தார். இவர் மொட்டைமாடியில் ஏறி, இஷாவிலிருந்து விடியும் வரை அம்மூன்று சொற்களையே திரும்பத் திரும்பச் சொன்னார். சற்றுக் கண்ணயர்ந்து எழுந்தால், மூன்றும் மறந்துவிட்டன! என்ன செய்வதென்று தெரியாமல் வெளியே வந்தவரை அண்டை வீட்டுப் பெண்மணி பிடித்துக்கொண்டார். இரவு முழுதும் இந்தச் சொற்களைச் சொல்லி எங்களை உறங்கவிடவில்லையே என்று அச்சொற்களைச் சொல்லியே அவர் கடிந்துகொள்ள, மறந்த பாடம் அப்பெண்மணியின் வாயிலிருந்தே திரும்பக் கிடைத்தது. யாகூத் என்னும் வரலாற்றறிஞர் இதைக் குறித்து வைத்திருக்கிறார். நினைவாற்றல் போய்விட்டது என்போர் இக்கதையை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அவர்தாம் இமாம் அபூபக்ர் அல்கஃப்பால் (ரஹ்) அவர்கள். கஃப்பால் என்றால் பூட்டுச் செய்பவர் என்றே பொருள். அத்தொழிற்பெயரை அவர்கள் உதறவில்லை. ஹிஜ்ரீ 417இல், தொண்ணூறு வயதில் மறைந்தபோது குராஸானின் ஷாஃபிஈ அறிஞர்களுக்குத் தலைவராக இருந்தார்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றுவோர் ஓதும் சட்ட நூல்களில் அவர்கள் பெயர் இன்றும் வருகிறது.

எல்லாரும் இமாமாக வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டியதில்லை. திருமறையைத் தேர்ச்சியுடன் ஓதுவோர் கண்ணியமிக்க வானவர்களுடன் இருப்பர் என்றும், தடுமாறித் தடுமாறி, சிரமப்பட்டு ஓதுவோருக்கு இரட்டைக் கூலி உண்டு என்றும் நபிகளார் கூறியதாக ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். திக்கி ஓதும் முதியவரைப் பார்த்துச் சிரிக்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சிரிக்கும் பெரியவர்களுக்கும் சொல்லலாம்.

பெண்களும் தங்களுக்கு வாய்ப்பில்லை என்று அன்று ஒதுங்கிவிடவில்லை. ஆண்களே உங்களைச் சூழ்ந்துகொள்கிறார்கள், எங்களுக்கென ஒரு நாளை ஒதுக்கித் தாருங்கள் என்று நபிகளாரிடம் முறையிட்டார்கள்; நபிகளாரும் ஒரு நாளை ஒதுக்கித் தந்தார்கள். கேட்கக் கூச்சப்படும் கேள்விகளையும் கேட்டுத் தெளிந்த அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்திருக்கிறார்கள். நம் பாட்டிமார்களுள் பலர் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. ஆயினும் அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத் தமிழ் நூல்களைக் கொண்டு, அடுப்பங்கரை வேலை முடிந்த வேளைகளில் தொழுகைச் சட்டங்களையும் நபிமார் வரலாற்றையும் படித்தனர். அந்நூல்கள் வழக்கொழிந்தபோது பல வீடுகளில் அப்பழக்கமும் மறைந்தது நமக்கு நேர்ந்த இழப்பு.

தொட்டிலிலிருந்து கப்ருவரை கல்வி தேடுக என்னும் வாசகத்தை ஹதீஸ் என்று நம் மேடைகளில் சொல்லக் கேட்கிறோம். அது நபிமொழியன்று என்று ஹதீஸ் அறிஞர்கள் கூறுவர். சீனாவுக்குச் சென்றேனும் கல்வி தேடச் சொல்லும் அறிவிப்பும் வலுவற்றது. கல்வியின் சிறப்பைச் சொல்ல உறுதியான ஆதாரங்கள் இவ்வளவு இருக்க, உறுதியற்றதை நாடுவானேன்? என் இறைவா, எனக்கு அறிவை அதிகப்படுத்து என்று வேண்டுமாறு தாஹா அத்தியாயத்தில் (20:114) நபிகளாருக்கே கட்டளை வந்தது. வேறு எதையும் அதிகமாகக் கேட்கும்படி அவர்களுக்குச் சொல்லப்படவில்லை என்பதை அறிஞர்கள் எடுத்துக்காட்டுவர்.

அறிவு என்பது மார்க்கக் கல்வியோடு நின்றுவிடுவதும் அன்று. 973இல் பிறந்த அல்பீரூனீ அவர்கள், கஜ்னி மஹ்மூதின் ஆட்சிக்கு உட்பட்டு இந்தியாவோடு தொடர்பு ஏற்பட்ட பிறகே, நாற்பத்து நான்கு வயதுக்கு மேல், சமஸ்கிருதம் கற்றார்கள். வானியலில் பேரறிஞராக விளங்கியவர், அம்மொழி அறிந்த பண்டிதர்கள் முன் மாணவரைப் போல் நின்றதைத் தாமே எழுதியிருக்கிறார்கள். மரணப் படுக்கையிலும் அவர்கள், காண வந்த சட்ட அறிஞரிடம் பாட்டிமாரின் வாரிசுரிமை பற்றிய ஒரு நுட்பத்தைக் கேட்டார்கள் என்று ஒரு செய்தி உண்டு. இந்நிலையிலா என்று வந்தவர் தயங்கினார். அறியாமல் உலகை விட்டுப் போவதைவிட அறிந்து போவது மேலன்றோ என்று அவர்கள் விடையளித்ததும், அவர் விளக்கிச் சொல்லிவிட்டு வெளியேறினார். தெருவில் நடந்துகொண்டிருக்கும்போதே வீட்டிலிருந்து அழுகையொலி கேட்டது என்கிறார் அவர்.

நம் மஹல்லாக்களில் என்ன செய்யலாம்? பிள்ளைகளுக்கான மக்தப் பெரும்பாலும் காலையிலோ மஃரிபை ஒட்டியோ நடக்கிறது. அதே இடத்தில் பெரியவர்களை உட்கார வைத்தால் அவர்கள் வரமாட்டார்கள். வராததைக் குறை சொல்லவும் கூடாது. இஷா தொழுகைக்குப் பின், பிள்ளைகள் கலைந்த பிறகு, அரை மணி நேரம் பள்ளிவாசலின் ஒரு பகுதியை மூத்தோருக்கென ஒதுக்கலாம். நாள் முழுதும் வயலிலும் கல் குவாரியிலும் உழைத்த பெண்களே, 1991இல் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தில், மாலை வேளைகளில் அமர்ந்து எழுத்துக் கற்றார்கள். சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொண்டார்கள். நம்மால் முடியாது என்று சொல்ல என்ன நியாயம் இருக்கிறது?

கைபேசியில் புகழ்பெற்ற காரீகளின் ஓதுதல் அனைத்தும் கிடைக்கின்றனவே, வகுப்பு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கேட்டுப் பழக அது நல்ல துணை. ஆனால் நாம் ஓதுவதைக் கேட்டு, இந்த எழுத்து தொண்டையிலிருந்து வர வேண்டும் என்று திருத்த ஒரு மனிதரின் காது வேண்டும்.

உஸ்தாத்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். பெரியவர்களுக்குப் பிள்ளைகளின் பாடமுறை பொருந்தாது. ஐம்பது ஆண்டுகளாகத் தொழுது வரும் ஒருவருக்கு ஃபாத்திஹாவும் சில சிறிய சூராக்களும் மனப்பாடமாகவே இருக்கும். ஆதலால் தனி எழுத்துகளில் தொடங்காமல், அவர் மனத்தில் இருக்கும் ஃபாத்திஹாவை அவர் கண்முன் விரித்து, நாவு அறிந்த ஒலியைக் கண் அறியும்படி ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துக் காட்டலாம். ஏழு வசனங்களை அடையாளம் கண்டுகொண்டால் எழுத்துகளில் பெரும்பாலானவை பிடிபட்டுவிடும். பிழை செய்தால் பிள்ளைகளிடம் உயரும் குரல் இங்கே உயரக் கூடாது. பெண்களுக்கு அஸருக்குப் பின் வசதியான ஒரு வீட்டில் கூடி ஓத, ஊரிலுள்ள ஆலிமாக்களை ஜமாஅத் கேட்டுக்கொள்ளலாம்; அவர்களுக்குரிய ஊதியத்தையும் பிள்ளைகளின் மக்தபுக்குக் கொடுப்பது போலவே தவறாமல் கொடுக்க வேண்டும்.

நம் அரபி மதரஸாக்களின் கல்வியாண்டு ஷவ்வாலில் தொடங்குகிறது. மூத்தோர் வகுப்பையும் அம்மாதத்திலேயே தொடங்கினால், அடுத்த ரமளானுக்கு முன் பதினொரு மாதங்கள் கையில் இருக்கும்.