ஒரு சோறு பதமாகுமோ?

ஆண்டுதோறும் ஒக்டோபர் மாதம் முடிவெய்துங் காலத்தில் ஐக்கிய அமெரிக்காவிலே தொழில்முறைக் கூடைப்பந்தாட்டப் பருவம் ஆரம்பமாகின்றது. முதலிரண்டு வாரங்கள் கழிவதற்குள்ளேயே அந்நாட்டு இரசிகரிடையே ஒரு பெரும் வாதம் மூண்டுவிடும். இவ்வாண்டு வலிமை மிக்க அணி எது? இறுதியிற் கிண்ணத்தை ஏந்தப் போகின்றவர் யாவர்? பத்து ஆட்டங்களில் எட்டை வென்ற அணிக்குச் சம்பியன் பட்டத்தை அப்பொழுதே சூட்டி மகிழ்வோர் ஒரு சாரார். "பொறுத்திருந்து பாருங்கள்" என்று தலையசைப்போர் மறு சாரார். உணவகத்திலும் தொழிற்சாலையிலும் பாடசாலை முற்றத்திலும் இதே பேச்சுத்தான்.

நம் முன்னோர் இவ்விரு சாராருக்கும் துணையாகப் பழமொழிகளை விட்டுச் சென்றிருக்கின்றனர். "விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது முதலாமவர் கட்சி. "பதறிய காரியம் சிதறும்" என்பது இரண்டாமவர் கட்சி. இவற்றோடு "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பதும் உண்டு. இம்மூன்றாவது பழமொழியே எமது சிந்தனையைத் தூண்டியது. பானையிலுள்ள அரிசி முழுவதும் ஒரே நீரில், ஒரே நெருப்பில் வேகின்றது. ஆதலால் ஒரு சோற்றை நசுக்கிப் பார்த்து மற்றவற்றின் பதத்தை அறியலாம். ஆனால் ஓர் ஆட்டப் பருவத்தின் முதற் பத்து ஆட்டங்களும் பின்வரும் ஆட்டங்களும் ஒரே அடுப்பில் வெந்தவையா? இதுவே கேள்வி.

முதலில் அப்போட்டியின் அமைப்பைச் சிறிது கூறுவோம். என்.பி.ஏ. எனப்படும் அச்சங்கத்திலே 30 அணிகள் இருக்கின்றன. கிழக்குப் பிரிவில் 15, மேற்குப் பிரிவில் 15. ஒவ்வோர் அணியும் ஏறத்தாழ ஆறு மாத காலத்தில் 82 ஆட்டங்கள் ஆட வேண்டும். அவற்றுட் பாதி சொந்த ஊரிலும் பாதி வெளியூர்களிலும் நடைபெறுவது வழக்கம். அதன் பின்னர் 16 அணிகள் மட்டும் எஞ்சி நின்று, நான்கு சுற்றுகளில் மோதுகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் நான்கு ஆட்டங்களை முதலில் வெல்பவரே முன்னேறுவர். ஆகவே நவம்பரில் எழும் கேள்விக்கு யூன் மாதத்திலேயே விடை கிடைக்கும்.

தொடக்கத்தைக் கண்டு முடிவைக் கணிப்பது எப்போதும் பிழையாகிவிடும் என்று எவரும் எண்ணற்க. 1995-96 பருவத்திலே சிக்காகோ புல்ஸ் அணி முதல் 44 ஆட்டங்களில் 41 ஐ வென்றது. முடிவில் 72 வெற்றிகளையும் பட்டத்தையும் பெற்றது. 1993-94 பருவத்தில் ஹூஸ்டன் றொக்கெட்ஸ் முதல் 15 ஆட்டங்களிலும் தோல்வியே அறியாதிருந்தது. 1994 இல் பட்டமும் அதற்கே கிட்டியது. இவையெல்லாம் முளையிலே தெரிந்த பயிர்கள்.

ஆயினும் மறு பக்கமும் உண்டு. 1948-49 பருவத்தில் வாஷிங்டன் கப்பிட்டல்ஸ் அணியும் முதல் 15 ஆட்டங்களை வென்றது; ஆனால் இறுதிச் சுற்றில் மினியாபொலிஸ் லேக்கர்ஸிடம் தோற்றது. 2004-05 பருவத்தில் பீனிக்ஸ் சன்ஸ் முதல் 35 ஆட்டங்களில் 31 ஐ வென்று நாட்டையே வியப்பில் ஆழ்த்தியது. இறுதிச் சுற்றை எட்டுமுன்னரே சான் அன்ரோனியோ அணியிடம் ஒன்றுக்கு நான்கு என்ற கணக்கில் வீழ்ந்தது. 2015-16 பருவத்தில் கோல்டன் ஸ்டேட் வொரியர்ஸ் முதல் 24 ஆட்டங்களையும் வென்று, 73 வெற்றிகளோடு பருவத்தை முடித்தது. அவ்விரண்டும் அதுவரை எவரும் எட்டாத எண்கள். இறுதிச் சுற்றிலும் மூன்றுக்கு ஒன்று என முன்னணியில் நின்ற அவ்வணி, அடுத்த மூன்று ஆட்டங்களையும் கிளீவ்லன்ட் கவலியர்ஸிடம் பறிகொடுத்தது.

இன்னும் அண்மைக் காலத்து உதாரணம் ஒன்று. 2024-25 பருவத்திலே அதே கிளீவ்லன்ட் அணி முதல் 15 ஆட்டங்களை வென்றது. அவ்வேளையில் இந்தியானா பேஸர்ஸ் என்னும் அணியோ தள்ளாடிக்கொண்டிருந்தது. முதல் 25 ஆட்டங்களில் அது வென்றவை 10 மட்டுமே. டிசம்பர் முற்பகுதியில் இவ்விரண்டையும் ஒப்பிட்டு ஒருவர் பேசியிருந்தால் மற்றையோர் நகைத்திருப்பர். ஆனால் 2025 மே மாதத்தில் இவ்விரு அணிகளும் நேருக்கு நேர் சந்தித்தபோது, இந்தியானா நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றது. அத்தொடரிலே கிளீவ்லன்ட் வீரர் சிலர் காயமுற்றிருந்தனர் என்பதையும் நடுநிலையோடு சொல்லத்தான் வேண்டும். எனினும் இந்தியானா அத்தோடு நில்லாது இறுதிச் சுற்றின் ஏழாவது ஆட்டம் வரை சென்று, ஒக்லகோமா சிற்றி தண்டர் அணியிடமே தோற்றது.

அப்படியாயின் ஆரம்ப ஆட்டங்களைப் பார்த்து ஒன்றுமே அறிய முடியாதா? முடியும். வெற்றிகளை எண்ணுவதோடு நில்லாது நான்கு கேள்விகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

முதற் கேள்வி: யாரை வென்றனர்? நலிந்த அணிகள் ஐந்தை அடுத்தடுத்து வென்ற பெருமையும், வலிய அணிகள் ஐந்தோடு போராடி மூன்றை வென்ற பெருமையும் ஒன்றாகா.

இரண்டாவது: எங்கே வென்றனர்? சொந்த ஊரில் ஆடுவோர் பாதிக்கு மேற்பட்ட ஆட்டங்களை வெல்வது நெடுங்காலமாகக் காணப்படும் உண்மை. கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி உயரத்திலே அமைந்த டென்வர் நகருக்குச் செல்லும் அணிகள் மூச்சிரைக்க ஓட நேரிடுகின்றது. இரவு ஓர் ஊரில் ஆடி, விமானமேறி, மறுநாள் இரவே வேறோர் ஊரில் ஆட வேண்டிய நிலையும் உண்டு. ஆட்ட அட்டவணை தொடக்கத்தில் ஒருவருக்கு மென்மையாகவும் மற்றொருவருக்குக் கடுமையாகவும் அமைந்துவிடலாம்.

மூன்றாவது: எத்துணைப் புள்ளிகளால் வென்றனர்? இக்கேள்வியையே எண்கணக்கர் பெரிதும் மதிக்கின்றனர். ஒரு புள்ளியாலும் இரண்டு புள்ளியாலும் கிடைத்த வெற்றியிலே அதிட்டத்தின் கை இருக்கக்கூடும். பதினைந்து புள்ளியால் மீண்டும் மீண்டும் வெல்வது அதிட்டமன்று. 2024-25 பருவத்தில் பட்டம் வென்ற ஒக்லகோமா அணியின் சராசரி வித்தியாசம் 12.9 புள்ளிகள்; 1971-72 பருவத்து லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸின் 12.3 என்னும் பழைய சாதனையை அது விஞ்சியது. தூர எறிகளையும் இங்கே கவனிக்க வேண்டும். மூன்று புள்ளி பெறும் எறி 1979-80 பருவத்திலே இச்சங்கத்திற் புகுந்தது. இன்று எறிகளில் மூன்றிலொரு பங்குக்கு மேல் அவையே. நூற்றுக்கு முப்பத்தாறு எறிகளைக் கூடைக்குள் இடும் ஒருவர், பத்து ஆட்டங்களில் நாற்பத்தைந்து இட்டுவிடலாம். ஆனால் நாள் செல்லச் செல்லப் பழைய அளவுக்கே திரும்புவார். அவருடைய நல்ல பத்து நாட்களை வைத்து அணியின் வலிமையை அளப்பது, மழைக்காலத்திலே குளத்தைப் பார்த்து அதன் கோடைகால ஆழத்தைச் சொல்வது போன்றதாகும்.

நான்காவது: எவரைக் கொண்டு ஆடினர்? இந்தியானாவின் ஆரம்பத் தோல்விகளின்போது முக்கிய வீரர் இருவர் காயத்தினால் ஆடாதிருந்தனர். அவர்கள் திரும்பிய பின் அணியின் முகமே மாறிற்று. 1971 இலோ வேறு விதமான மாற்றம் நிகழ்ந்தது. லேக்கர்ஸ் அணியின் புகழ் வாய்ந்த வீரர் எல்ஜின் பேலர், முழங்கால் நோயினால் வருந்தி, பருவம் தொடங்கி ஒன்பது ஆட்டங்கள் ஆன வேளையில் ஓய்வு பெற்றார். அவர் காலத்தில் அவ்வணி பலமுறை இறுதிச் சுற்றுக்குச் சென்றும் ஒருமுறையேனும் பட்டம் வென்றதில்லை. அவர் விலகிய பின் நடந்த முதல் ஆட்டத்திலிருந்து தொடங்கி அவ்வணி 33 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று, 1972 இல் பட்டத்தையும் பெற்றது. அந்த 33 ஐ இன்றுவரை எவரும் எட்டவில்லை. முதல் ஒன்பது ஆட்டங்களைப் பார்த்தோர் இதனை எங்ஙனம் கண்டிருப்பர்?

இரசிகர் பேச்சு இரசிகரோடே முடிந்துவிடுமாயின் இத்துணை விரிவாக எழுத வேண்டியதில்லை. கணிப்புப் பிழைத்தால் அவர் நட்டப்படுவது ஒரு கோப்பைக் காப்பியே. ஆனால் அப்பேச்சு பத்திரிகையிலும் வானொலியிலும் பெருகி, அணியின் உரிமையாளர் செவியை எட்டும்போது ஒரு மனிதரின் உத்தியோகம் ஆட்டங்காணுகின்றது. இதற்கு இரண்டு நிகழ்ச்சிகளை எடுத்துக்காட்டுவோம்.

2012 இல் லொஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணியிலே கோபி பிரயன்ட், பவ் கசோல் ஆகியோருடன் ஸ்டீவ் நாஷ், டுவைட் ஹவார்ட் என்னும் பெரும் வீரர் இருவரும் புதிதாக வந்து சேர்ந்தனர். பட்டம் நிச்சயம் என்றே பலர் எண்ணினர். ஆனால் நாஷ் இரண்டாவது ஆட்டத்திலேயே கால் எலும்பு முறிந்து விலகினார். ஹவார்டோ முதுகிற் சத்திரசிகிச்சை பெற்றுச் சில மாதங்களே ஆனவர். முதல் ஐந்து ஆட்டங்களில் ஒன்றே வெற்றி. நவம்பர் 9 ஆம் தேதி பயிற்றுநர் மைக் பிரவுன் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 82 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் ஐந்தே ஆட்டங்களின் பேரில் எழுதப்பட்ட தீர்ப்பு அது! ஆளை மாற்றியதனால் விளைந்த பயன் யாது? அப்பருவத்தை அணி 45 வெற்றி, 37 தோல்வியோடு முடித்து, முதற் சுற்றிலே நான்கு ஆட்டங்களையும் தோற்று வெளியேறியது. அதே மைக் பிரவுன் பின்னர் சக்ரமென்ரோ அணியைப் பயிற்றி, 2023 இல் ஆண்டின் சிறந்த பயிற்றுநராக வாக்காளர் அனைவராலும் ஒருமனதாகத் தெரிவு செய்யப்பட்டார்.

மற்றைய நிகழ்ச்சி 2010 இல் மியாமியில் நடந்தது. அங்கே டுவெய்ன் வேடுடன் லெப்ரோன் ஜேம்ஸ், கிறிஸ் பொஷ் இருவரும் சேர்ந்தனர். நவம்பர் 27 ஆம் தேதி டலஸ் அணியிடம் தோற்றதோடு அவர்களுடைய கணக்கு ஒன்பது வெற்றி, எட்டுத் தோல்வி. பயிற்றுநர் எரிக் ஸ்போல்ஸ்ட்ரா 1995 இலே அவ்வணியின் வீடியோப் பகுதியிற் சிற்றூழியராகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர். அப்பொழுது அவருக்கு வயது 40. அவரை அகற்றிவிட்டு, அணித் தலைமை நிருவாகியான பற் றைலியே களத்தில் இறங்க வேண்டும் என்ற கூக்குரல் எழுந்தது. அக்குரலுக்கு ஓர் ஆதாரமும் இருந்தது. 2005 டிசம்பரிலே, 11 வெற்றி 10 தோல்வி என்ற நிலையில் அப்போதைய பயிற்றுநர் விலக, றைலி பொறுப்பேற்று 2006 இல் பட்டம் வென்றிருந்தார். ஆயினும் இம்முறை றைலி தமது இடத்தைவிட்டு அசையவில்லை. அணி அடுத்த 12 ஆட்டங்களையும் தொடர்ந்து வென்றது. 2011 இல் இறுதிச் சுற்றிலே மீண்டும் டலஸிடம் தோற்றபோதும் ஸ்போல்ஸ்ட்ரா நீக்கப்படவில்லை. 2012 இலும் 2013 இலும் பட்டம் மியாமிக்கே உரியதாயிற்று.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது எமக்கு ஒன்று புலனாகின்றது. ஆரம்பத் தோல்வியை லொஸ் ஏஞ்சலிஸ் தீர்ப்பாகக் கொண்டது. மியாமி அதனை ஒரு கேள்வியாகக் கொண்டது. புதியவர் ஒருவரோடொருவர் பழகக் காலம் வேண்டாமா, காயமுற்றோர் திரும்புவரா, தோல்வி எத்தனை புள்ளியால் வந்தது என்று ஆராய்வோருக்கு, முதற் பத்து ஆட்டங்கள் நிரம்பவே சொல்லும். வெற்றி தோல்விக் கணக்கை மட்டும் நோக்குவோருக்கு அவை சொல்வது மிகவுஞ் சிறிது. அச்சிறிதும் சில வேளை பொய்.

ஆகவே இரசிகர்கள் வாதிடட்டும். ஒரு பந்தாட்டத்தின் இன்பத்திலே பாதி அவ்வாதத்திலேயே இருக்கின்றது. அதனைத் தடுக்க நாம் யார்? ஆனால் எமது மாணவ வாசகருக்கும் அவர்தம் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. முதலாந் தவணைப் புள்ளி அறிக்கை வீட்டுக்கு வரும் நாளிலும் இதே நான்கு கேள்விகளைக் கேட்கலாம். எந்தப் பாடத்தில், எந்த நிலையில், எவ்வளவு வித்தியாசத்தில், என்ன குறையோடு அப்புள்ளிகள் பெறப்பட்டன என்று கேட்டறிந்த பின்னர் கடிந்துகொள்வதானாலும் பாராட்டுவதானாலும் தாமதமாகிவிடாது. சோறு வெந்ததா என்று பார்ப்பதில் தவறில்லை; பானை கொதிக்கத் தொடங்குமுன் அகப்பையை இட்டுப் பார்த்துவிட்டு, அரிசியைக் குறை கூறுவதுதான் தவறு.