வெண்கல மிளகாயும் தேய்புரிப் பழங்கயிறும்

சிற்பம் என்றவுடன் தமிழர் உள்ளத்தில் எழுவது கருவறைத் திருமேனியும், கோபுரத்துச் சுதை உருவும், தூணில் சாய்ந்து நிற்கும் நடனமாதுமே ஆகும். அவை பெருமைக்குரியவை என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆயின், அப்பெருமையையே அளவுகோலாகக் கொண்டு, இக்காலச் சிற்பி ஒரு மிளகாயையோ விதையையோ பறவையையோ மலைபோல் பெருக்கி நகரத்தின் நடுவே நிறுத்தும்போது, “இதுவும் ஒரு கலையா? குழந்தைகளின் விளையாட்டுப் பொம்மை!” என்று எள்ளி நகையாடுவோர் தமிழ் கற்றோரிடையே பெருகியுள்ளனர். இவ்வெள்ளல் தமிழ் மரபை அறிந்ததனால் பிறந்தது என்று அவர்கள் கருதுகின்றனர். உண்மையில் அது தமிழ் மரபைப் பாதி மட்டுமே அறிந்ததன் விளைவாகும்.

சிங்கப்பூரில் இத்தகைய சிற்பங்கள் ஒன்றிரண்டு அல்ல. ஆற்றங்கரையில் யுஓபி கட்டடத்தின் முன் கொலம்பியச் சிற்பி பெர்னாண்டோ பொட்டேரோ 1990இல் வடித்த கொழுத்த பறவை அமர்ந்திருக்கிறது. கரையோரப் பூந்தோட்டங்களில் ஆங்கிலேயச் சிற்பி மார்க் குயின் தம் மகனின் ஏழு மாத உருவை 9 மீட்டர் நீளத்தில் வெண்கலத்தால் வார்த்த குழந்தை, 2013 முதல் புல்வெளியின்மேல் மிதப்பதுபோல் உறங்குகிறது. இவற்றினும் தமிழ் வாசகர் கருத்தில் கொள்ளத்தக்கவை குமாரி நாகப்பனின் படைப்புகள். மலேசியாவின் கிள்ளானில் 1953இல் பிறந்து சிங்கப்பூரில் கலைப்பணியாற்றும் இவ்வம்மையார், 2006இல் ‘பெடாஸ் பெடாஸ்’ என்னும் சிவந்த வெண்கல மிளகாயைத் தேசிய அரும்பொருளகத்திற்காகப் படைத்தார். சாங்கி விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்திற்கு 2007இல் ‘சாகா’ விதையையும், ஆர்ச்சர்ட் சாலையின் ஐயான் வளாகத்தின் முன் 2009இல் சாதிக்காயையும் சாதிபத்திரியையும் வடித்தளித்தார். தேக்காச் சந்தையில் கைப்பிடியளவு வாங்கும் பொருள்கள் இங்கே மனிதனைக் குள்ளனாக்கி நிற்கின்றன.

இவற்றின்மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வது தகும்.

எளிய பொருள் கலைக்கு ஆகாதா?

மிளகாயும் விதையும் அடுக்களைப் பொருள்கள். சிற்பத்துக்குரிய உயர்வு அவற்றுக்கு இல்லை என்பது முதற் குற்றச்சாட்டு. இதனைச் சொல்பவர் வேற்றுமொழியாளராக இருப்பின் பொறுத்துக்கொள்ளலாம். சங்க இலக்கியம் பயிற்றும் ஆசிரியரே சொல்லும்போதுதான் வியப்பு மேலிடுகிறது. நற்றிணையில் பாடிய புலவர் ஒருவரின் இயற்பெயர் மறைந்துபோயிற்று; அவர் உவமையாக ஆண்ட பழங்கயிறே அவர்க்குப் பெயராகித் ‘தேய்புரிப் பழங்கயிற்றினார்’ என நின்றது. குறுந்தொகையில் குப்பைக் கோழியார் இருக்கிறார். மீனெறி தூண்டிலார் இருக்கிறார். விட்ட குதிரையார் இருக்கிறார். தேய்ந்த கயிறு, குப்பை மேட்டுக் கோழி, தூண்டிற்கோல், அவிழ்த்துவிட்ட குதிரை ஆகியவற்றைவிட எளிய பொருள்கள் உலகில் உண்டோ? அவ்வெளிய பொருள்களையே புலவர்க்குப் பட்டமாகச் சூட்டி மகிழ்ந்த சமுதாயத்தின் வழிவந்தோர், வெண்கல மிளகாயைக் கண்டு முகஞ்சுளிப்பது முறையாகுமா?

தொல்காப்பியர் நிலத்திற்குரிய கருப்பொருள்களை வகுத்தபோது தெய்வத்தோடு உணவையும், விலங்கையும், மரத்தையும், பறவையையும், பறையையும் ஒரே வரிசையில் வைத்தார். தெய்வம் முதலில் வந்ததனால் உணவு இழிந்துவிடவில்லை. மாமல்லபுரத்துப் பல்லவச் சிற்பியும் இவ்வுண்மையை அறிந்திருந்தான். ஏழாம் நூற்றாண்டில், தவக்கோலம் பூண்ட முனிவரைச் செதுக்கிய அதே பாறையில், பின்னங்கால்களில் நின்று முன்னங்கால்களைத் தலைக்குமேல் உயர்த்திப் பொய்த்தவம் புரியும் பூனையையும், அதனை நம்பிச் சூழ்ந்த எலிகளையும் செதுக்கினான். தெய்வத்தின் அருகே பூனைக்கு இடமளித்த சிற்பி, மிளகாய்க்கும் இடமளித்திருப்பான் என்பதில் ஐயமில்லை. அவன் காலத்தில் தமிழகத்தில் மிளகாய் இல்லை என்பதே தடை. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக இந்தியக் கரையேறி, மிளகைப் போல் காரமான காய் என்பதால் தமிழில் ‘மிளகாய்’ எனப் பெயர் பெற்று, இன்று தமிழர், மலாய்க்காரர், சீனர் ஆகிய மூவர் அடுக்களையிலும் குடியேறிவிட்ட பொருள் அது. குடியேறிகளால் ஆன ஒரு நகரத்துக்கு, குடியேறிய இக்காயினும் பொருத்தமான சின்னம் வேறெது? காரம் என்னும் பொருள்படும் மலாய்ச் சொல்லையே அச்சிற்பத்துக்குப் பெயராக இட்டதும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

பெருக்குதல் கலையாகுமா?

வெறும் பெருக்கத்தில் கலை எங்கே உள்ளது என்பது இரண்டாம் குற்றச்சாட்டு. இதற்கு விடை வகுப்பறையிலேயே இருக்கிறது. உள்ளதை உள்ளவாறு கூறாது மிகைப்படக் கூறும் உயர்வு நவிற்சி அணியை ஒவ்வோராண்டும் மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர், அதே அணி வெண்கலத்தில் எழுதப்படும்போது மட்டும் அதனை அடையாளம் காண மறுப்பது ஏன்? மெய்ப்பாட்டியலில் மருட்கை என்னும் வியப்புக்குத் தொல்காப்பியர் நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறார். அவை புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன. பெருத்தது வியப்பைத் தரும். சிறுத்ததும் வியப்பைத் தரும். ஒன்று மற்றொன்றாவதும் வியப்பைத் தரும். சிறியதொரு விதை பேருருக் கொள்ளும்போது இந்நான்கும் ஒருங்கே கூடுகின்றன. இதனைவிடத் தெளிவான விளக்கத்தை இக்காலத் திறனாய்வாளர் எவரும் தந்துவிடவில்லை.

சாகா விதையையே எடுத்துக்கொள்வோர்க்கு மேலும் ஓர் உண்மை புலப்படும். மலாயில் சாகா எனப்படுவது தமிழில் மஞ்சாடி. அது பொன் நிறுக்கும் எடையாக இருந்தது. இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு என்பது பழைய கணக்கு; தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் அணிகலன்களின் எடையை இவ்வளவுகளால் குறிக்கின்றன. ஒரு காலத்தில் உலகை நிறுத்தப் பயன்பட்ட நுண்ணளவு, விமான நிலையத்தில் கணக்கற்ற பயணிகள் அண்ணாந்து பார்க்கும் பேரளவாகிவிட்டது. இதனை மாணவனுக்கு எடுத்துச் சொல்லும் ஆசிரியர் சிற்பத்தையும் கற்பித்தவராவார், கல்வெட்டையும் கற்பித்தவராவார்.

குயினின் குழந்தையும் இத்தகையதே. தெய்வத்தையும் அரசனையும் குழந்தையாகச் சுருக்கிப் பாடியது பிள்ளைத்தமிழ். குயினோ குழந்தையைத் தெய்வத்தின் பேரளவுக்குப் பெருக்கினார். திசை மாறியதேயன்றி வியப்பு மாறவில்லை. ஏறத்தாழ 7 டன் எடையுள்ள அவ்வுரு ஒரு கையின்மேல் மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருப்பது, செங்கீரைப் பருவத்தைப் பாடம் சொல்லும் ஆசிரியர்க்கு வாய்த்த அரியதொரு துணைக்கருவி.

வணிகமும் அயல்மையும்

மூன்றாம் குற்றச்சாட்டு சற்று வலுவானது. இவை அயல்நாட்டுப் பாணி என்றும், அங்காடி முதலாளிகள் கூட்டம் சேர்க்க வைத்தவை என்றும் கூறப்படுகிறது. அயல்நாட்டுத் தொடர்பு உண்மையே. சுவீடனில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்து 2022இல் மறைந்த கிளேஸ் ஓல்டன்பர்க், துணி உலர்த்தும் கொடியில் மாட்டும் கவ்வியை 1976இல் பிலடெல்பியா நகரில் 45 அடி உயர எஃகுச் சிற்பமாக நிறுத்தினார். அதனைக் கூர்ந்து நோக்குவோர்க்குக் கவ்வியின் இரு பாதிகளும் ஒன்றையொன்று தழுவி நிற்கும் இருவராகத் தோன்றும். இப்பாணி அங்கிருந்து உலகெங்கும் பரவியது. ஆயின், அன்றாட விலங்கைப் பேருருவாக்குதல் தமிழர்க்குப் புதிதன்று. புதுக்கோட்டை வட்டாரத்துக் குளமங்கலத்தில் ஐயனார் கோயில் முன் நிற்கும் குதிரை 30 அடிக்கும் மேல் உயர்ந்தது. ஊர்தோறும் வேளார் சுட்டு நிறுத்திய மண்குதிரைகள் எண்ணிலடங்கா. சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலின் மதில்மேல் வரிசையாகப் படுத்திருக்கும் பசுக்களை அன்றாடம் கண்டு வணங்கும் கண்ணுக்கு, ஆற்றங்கரைப் பறவை மட்டும் அயலாகத் தோன்றுவது எங்ஙனம்?

வணிகத்தைப் பொறுத்தவரை, பேருருவம் யாவும் கலை என்று இங்கு வாதிடப்படவில்லை. அவ்வாறு வாதிடுவது, பார்த்ததையெல்லாம் படம்பிடித்துவிட்டுப் பாராமலே அகலும் கூட்டத்தோடு சேர்வதாகும். வேண்டுவது எள்ளலும் அன்று, கண்மூடிய கைதட்டலும் அன்று, தேர்வு. அத்தேர்வுக்கு இரண்டு வினாக்கள் போதும். பெருக்கியதனால் முன்பு காணாத ஒன்று காணப்பட்டதா? நின்ற இடத்துக்கும் நிற்கும் பொருளுக்கும் உறவு உண்டா?

இவ்வினாக்களை ஐயான் வளாகத்துச் சாதிக்காய்க்கு எழுப்பிப் பார்க்கலாம். ஆர்ச்சர்ட் சாலை அப்பெயர் பெற்றதே அங்கிருந்த தோட்டங்களால். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவ்வட்டாரமெங்கும் சாதிக்காய் பயிரிடப்பட்டது. நூற்றாண்டின் நடுப்பகுதியில் நோய் தாக்கித் தோட்டங்கள் அழிந்தன. இன்று கண்ணாடி மாளிகைகள் மலிந்த அச்சாலையில், மண்ணுக்குள் மறைந்த வரலாற்றை வெண்கலச் சாதிக்காய் ஒன்றே நினைவூட்டுகிறது. அங்காடியின் முன் நிற்பினும் அது அங்காடியைவிடப் பழைய செய்தியைப் பேசுகிறது. மாறாக, 2021 நவம்பரில் மரினா விரிகுடாவின் மிதக்கும் மேடையில் கிடத்தப்பட்ட, 42 மீட்டர் நீளமுள்ள காவ்ஸின் காற்றடைத்த பொம்மையை அதே வினாக்களுக்கு உட்படுத்தினால் விடை வேறாகும். அதன் வகையினைச் சேர்ந்த உருவங்கள் அதற்கு முன்பே சோல், ஹாங்காங் நீர்ப்பரப்புகளில் மிதந்தவை. இவ்விரிகுடாவோடு அதற்குத் தனியுறவு ஏதுமில்லை. பெருமை இருந்தது, புதுமை சிறிது இருந்தது, ஆக்கம் இல்லை. இவ்வாறு பிரித்தறியும் ஆற்றலையே மாணவர்க்கு ஊட்டவேண்டும். பிரித்தறியாது அனைத்தையும் ‘பொம்மை’ என ஒதுக்குபவர் அவ்வாற்றலை முளையிலேயே கிள்ளுகிறார்.

நகைப்பு இழிவா?

இவை சிரிப்பை மூட்டுகின்றன. சிரிப்பு கலையின் மாண்பைக் குறைக்கும் என்பது இறுதிக் குற்றச்சாட்டு. மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலாவதாக வைத்தவர் தொல்காப்பியர் என்பதைச் சொல்வதே இதற்குப் போதிய மறுப்பு. சிங்கப்பூரின் சின்னமாகிய மெர்லயனே இதற்குச் சான்று. லிம் நாங் செங் வடித்து 1972 செப்டம்பர் 15இல் திறந்து வைக்கப்பட்ட, 8.6 மீட்டர் உயரமும் 70 டன் எடையும் கொண்ட அவ்வுருவின் தோல் பீங்கான் தட்டுகளால் ஆனது. கண்கள் சிறிய சிவப்புத் தேநீர்க் கிண்ணங்கள். நாட்டின் அடையாளமே தேநீர்க் கிண்ணத்தின் வழியாகக் கடலைப் பார்க்கிறது! இதனை அறிந்து புன்னகை செய்யும் மாணவன் நாட்டை இகழ்ந்தவன் ஆகான். இன்னும் ஒருபடி நெருங்கியவன் ஆவான்.

இழக்கப்படுவது யாது?

இவ்வளவு சினம் ஏன் என்று வினவுவோர் இருக்கலாம். பொதுவிடத்துச் சிற்பம் மக்களின் அன்பால் வாழ்வது. அன்பற்ற இடத்தில் அது அழிவது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் கோர் ஈயன் கீ 1979இல் வடிவமைத்த தோ பாயோ கடல்நாக விளையாட்டிடம், அதனை ஒட்டியிருந்த அடுக்குமாடி வெறுமையாக்கப்பட்ட பின்னும் காக்கப்பட்டது; அதில் ஏறி விளையாடி வளர்ந்த தலைமுறை அதனை நேசித்தமையே அதற்குக் காரணம். செந்தோசாவில் 1995இல் எழுந்த 37 மீட்டர் மெர்லயனோ 2019இல் மூடப்பட்டு இடிக்கப்பட்டது. எது நிற்கும், எது வீழும் என்பதைத் தீர்மானிப்பதில் மக்கள் மொழிக்கும் பங்குண்டு. தமிழில் ஒரு வரியும் எழுதப்படாத சிற்பத்துக்காகத் தமிழர் எவரும் குரல் கொடுக்கப்போவதில்லை.

இதனினும் பெரிய இழப்பு ஒன்று உண்டு. எருமைச் சாலையும் கெர்பாவ் சாலையும் ஏன் அப்பெயர் பெற்றன என்று அறியாமலே சிராங்கூன் சாலையில் நடமாடும் இளைஞர் பலர். கால்நடை வணிகம் செழித்த வட்டாரம் அது. எருமையைக் குறிக்கும் மலாய்ச் சொல்லே கெர்பாவ். தீபாவளிக் காலத்தில் அச்சாலையின் வளைவுகளில் ஒளிரும் யானையையும் மயிலையும் கண்டு மகிழும் அவ்விளைஞர், கண்டதைத் தமிழில் சொல்லச் சொன்னால் திகைக்கின்றனர். கோயிலுக்கும் காப்பியத்துக்கும் மட்டுமே தமிழ் உரியது. கண்முன் நிற்கும் காட்சிக்கு ஆங்கிலமே உரியது என்னும் எண்ணம் அவர்களுள் வேரூன்றிவிட்டது. அவ்வேருக்கு நீர் வார்த்தவர், இக்காலக் கலையைப் பேசத்தகாததாக ஒதுக்கிய பெரியவர்களே அன்றி வேறு எவருமல்லர். தான் நாள்தோறும் காண்பதைத் தன் மொழியால் சொல்ல இயலாத மாணவன், அம்மொழியைத் தேர்வுக்கூடத்திலேயே விட்டுவிட்டு வெளியேறுவான்.

ஆதலின் தமிழாசிரியர்கள் மாணவர்களை அரும்பொருளகத்துக்கும் ஆற்றங்கரைக்கும் அழைத்துச் செல்லட்டும். மிளகாயைச் சுற்றி நடந்து அதன் வளைவையும் காம்பையும் நோக்கச் சொல்லட்டும். எது வியப்புத் தந்தது, எது தரவில்லை, ஏன் என்று தமிழில் வாதிடச் செய்யட்டும். பிடிக்கவில்லை என்று ஒரு மாணவன் எழுதினாலும் குற்றமில்லை. காரணங்காட்டி எழுதினால் அதுவே திறனாய்வு. மாணவச் செல்வங்களும், படம் எடுக்கும் முன்னர் ஒரு நிமிடம் நின்று பார்த்து, பார்த்ததற்குத் தமிழில் ஒரு சொல் தேடட்டும். பழங்கயிற்றைப் பாடியவனைப் போற்றிய மொழிக்கு அச்சொல்லைத் தரும் ஆற்றல் இன்றும் உண்டு.