பட்டியலில் கேள்விக்குறியாக நின்றவள்

சினிமாப் பைத்தியங்கள் நாலு பேர் கூடினால் ஆடும் விளையாட்டு ஒன்று உண்டு. ஒருவர் நடிகரின் பெயரை மட்டும் சொல்வார், மற்றவர்கள் படத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பழைய ஹாலிவுட் திகில் படங்கள் என்றால் ஆட்டம் சூடு பிடித்துவிடும். பேலா லுகோசியா? 'டிராகுலா'. அந்தனி பெர்கின்ஸ்? 'சைக்கோ'. ஜாக் நிக்கல்சன்? 'தி ஷைனிங்'. ஆணின் பெயரைச் சொன்ன நொடியில் விடை வந்து விழுகிறது. இப்போது ஹெலன் சாண்ட்லர் என்று சொல்லிப் பாருங்கள். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். 1931இல் வந்த அதே 'டிராகுலா'வில், அவன் ரத்தம் குடிக்கத் தேடிவந்த மீனா அவர்தான்.

இதை வெறும் ஞாபகமறதி என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. நாம் மனப்பாடம் செய்த பட்டியலே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

அதே 1931இல் வந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தை எடுத்துக்கொள்வோம். மூல நாவலை எழுதியவர் மேரி ஷெல்லி. 1818இல் அந்த நாவல் முதலில் அச்சானபோது ஆசிரியர் பெயரே இல்லை. 113 ஆண்டுகள் கழித்துத் திரையில் அவர் 'திருமதி பெர்சி பி. ஷெல்லி' ஆனார். கதை அவளுடையது, பெயர் கணவனுடையது.

1935இல் அதன் தொடர்ச்சியாக 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' வந்தது. எல்சா லான்செஸ்டர் அதில் இரண்டு வேடங்களில் நடித்தார். மேரி ஷெல்லியாக நடித்ததற்கு அவர் பெயர் போட்டார்கள். படத்தின் தலைப்பே யாரைக் குறிக்கிறதோ அந்த மணப்பெண்ணுக்கு நேராக ஒரு கேள்விக்குறியை மட்டும் போட்டார்கள்.

"அது விளம்பர உத்தி, முதல் படத்தில் போரிஸ் கார்லாஃபுக்கும் அதைத்தானே செய்தார்கள்?" என்று கேட்பார்கள். செய்தார்கள்தான். ஆனால் அந்தப் படம் முடிந்ததும் வந்த பட்டியலில் அவர் பெயர் இருந்தது. நான்கே ஆண்டுகளில் 'கார்லாஃப்' என்ற ஒற்றைச் சொல்லே போதும் என்கிற அளவுக்கு அது வளர்ந்தது. மணப்பெண்ணுக்கோ படம் முடிந்த பிறகும் கேள்விக்குறிதான். அவள் செய்தது என்ன? உனக்காகவே படைக்கப்பட்டவள் என்று கொண்டுவந்து நிறுத்தப்பட்டபோது, வீறிட்டு மறுத்தாள். மறுத்த சில நிமிடங்களில் அவளையும் சேர்த்துக் கோபுரம் தகர்க்கப்படுகிறது.

காலம் மாறியும் கணக்கு மாறவில்லை. 1960இல் வந்த 'சைக்கோ'வின் குளியலறைக் கொலையைப் படமாக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆனது. ஜேனட் லீக்கு டூப்பாக நின்றவர் மார்லி ரென்ஃப்ரோ. சினிமா வரலாற்றில் மிக அதிகமாக அலசப்பட்ட காட்சிகளில் ஒன்றில் அவர் உடல் இருக்கிறது, பட்டியலில் பெயர் இல்லை. 1973இல் வந்த 'தி எக்ஸார்சிஸ்ட்'டில் சிறுமிக்குள் இருந்து பேசும் சாத்தானின் குரல் மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்ற பெண்ணுடையது. ஏற்கெனவே ஆஸ்கர் வாங்கிய நடிகை அவர். அவரே போராடித்தான் தன் பெயரைச் சேர்க்க வைக்க வேண்டியிருந்தது.

பெயர் வந்துவிட்டால் மட்டும் மரியாதை வந்துவிடுமா? 1980இல் வந்த 'தி ஷைனிங்'கில் ஷெல்லி டுவால் படம் முழுக்க அழுது, நடுங்கி, ஓடினார். மிக மோசமான நடிகை என்று ராஸி விருதுக்குப் பரிந்துரைத்தார்கள். அந்தப் பரிந்துரையைத் திரும்பப் பெற 2022 ஆனது. கோடரியோடு துரத்தியவனின் வெறி நடிப்பாகக் கொண்டாடப்பட்டது. துரத்தப்பட்டவளின் பயம் கேலிப்பொருளானது. அந்தப் பயம் திரையில் இல்லாவிட்டால் அவன் கோடரியைப் பார்த்து நாம் ஏன் நடுங்கப்போகிறோம்?

"விளையாட்டில் போய் அரசியலா?" என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சினிமாவில் பட்டியலில் வரும் பெயர்தான் அடுத்த வேலை, அடுத்த சம்பளம், விருதுக்கான தகுதி. வீட்டில் நாள்முழுக்க உழைப்பவளிடம் "சும்மாதானே இருக்கிறாய்" என்று சொல்லிப் பழகிய உலகத்துக்கு, அலறியவளை "சும்மா அலறினாள்" என்று எழுதிவைப்பது சிரமமே இல்லை. நாம் விளையாட்டாக ஒப்பிக்கும் பெயர்கள்தான் நாளைக்கு வரலாறாகப் பாடப்புத்தகத்தில் ஏறும்.

விளையாட்டை நிறுத்தச் சொல்லவில்லை, எனக்கும் அது பிடிக்கும். கேள்வியை மாற்றுங்கள். சாத்தானுக்குக் குரல் கொடுத்தவர் யார்? குளியலறையில் டூப்பாக நின்றவர் யார்? கேள்விக்குறிக்குப் பின்னால் இருந்தவர் யார்? விடை தெரியாமல் எல்லோரும் முழித்தால் முழிக்கட்டும். அங்கேயே உட்கார்ந்து தேடுங்கள், கிடைத்த பெயரை உரக்கச் சொல்லுங்கள். அடுத்த முறை ஆடும்போது அந்தப் பெயரிலிருந்தே ஆட்டத்தைத் தொடங்குங்கள்.