சாம்பல் நிறத்தின் நியாயம்

கோலாப்பூரிலிருந்து 1933-ஆம் ஆண்டில் புனேக்குக் குடிபெயர்ந்த பிரபாத் திரைப்படக் கம்பெனியார் ஸ்டூடியோ அமைத்த அதே நிலத்தில், சட்டக் கல்லூரிச் சாலையில், 1960 முதல் திரைப்படக் கல்லூரி நடைபெற்று வருகிறது. அதே சாலையில், 1964-இல் தோன்றிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பழைய சுருள்களைப் பேணி வருகிறது. கறுப்பையும் வெள்ளையையும் கொண்டு பிம்பம் சமைக்கும் கலைக்கு நம் தேசத்தில் இதைவிடப் பொருத்தமான க்ஷேத்திரம் வேறில்லை. மட்டக்களப்பிலிருந்து வந்த பாலு மகேந்திரா ஒளிப்பதிவு பயின்றதும் இங்கேதான். அத்தகைய ஊரில் காமிராக் கலை கற்கும் மாணவர் ஒருவர், இருட்டறையில் நின்று தம் கையால் ஒரு நெகடிவைக் காகிதத்தில் அச்சிட்டுப் பாராமலே பட்டம் பெறக் கூடுமானால், அது கல்வியில் ஒரு பெருங்குறை என்பதே என் அபிப்பிராயம்.

ஆண்டுதோறும் ஜூன், ஜூலை வாக்கில் ஞானேசுவரர், துக்காராம் ஆகிய இருவரின் பாதுகைகளைத் தாங்கிய பல்லக்குகள் பண்டரிபுரம் நோக்கிச் செல்லும் வழியில் புனேயில் தங்குகின்றன. வெள்ளை வேட்டியும் வெள்ளைக் குல்லாயும் அணிந்து, வெயிலில் கறுத்த முகத்தோடு அப்பல்லக்குகளுடன் நடக்கும் வார்க்கரிகள் எனப்படும் பக்தர்களைப் படம் பிடித்தவர்களுக்குத்தான் கான்ட்ராஸ்ட் என்னும் சங்கடத்தின் முழு சொரூபமும் தெரியும். மழைமேகம் கவிந்திருக்கையில் எடுத்த நெகடிவ் சோர்ந்து கிடக்கும். மேகம் விலகிய கணத்தில் எடுத்ததோ, துணியை வெறும் வெளுப்பாகவும் முகத்தை வெறும் இருளாகவும் பிரித்துவிடும். இரண்டையும் ஒரே காகிதத்தில் ஒரே விதமாக அச்சிடுகிறவர் இரண்டையும் கெடுத்தவராவார்.

அனுபவசாலிகள் கைக்கொள்ளும் முறை எளியது, ஆனால் பொறுமையைக் கேட்பது. முதலில், என்லார்ஜரின் ஒளி எத்தனை விநாடி விழுந்தால் வெள்ளைத் துணியின் மடிப்புகள் மெல்லத் தென்படுகின்றன என்பதைச் சோதனைத் துண்டுகளால் கண்டு, அந்த நேரத்தை நிர்ணயிப்பார்கள். அதன் பிறகே முகத்தைப் பார்ப்பார்கள். முகம் கரியாகி மூழ்கினால், கிரேடு எனப்படும் காகிதத்தின் கான்ட்ராஸ்ட் படிகளில் மென்மையான கிரேடுக்கு இறங்குவார்கள், சாம்பலாய்ச் சோர்ந்தால் வன்மையான கிரேடுக்கு ஏறுவார்கள். இக்காலத்து மல்டிகிரேடு காகிதத்தில் நீல ஒளி மிகுந்தால் வன்மையும் பச்சை ஒளி மிகுந்தால் மென்மையும் பிறப்பதால், நீலத்தைத் தடுக்கும் மஞ்சள் வடிகட்டியையோ பச்சையைத் தடுக்கும் மெஜந்தா வடிகட்டியையோ இட்டு, 00 முதல் 5 வரை ஒரே பெட்டிக் காகிதத்திலேயே மாறிக்கொள்ளலாம். ஈரத்தில் பளிச்சென்றிருக்கும் பிரதி உலர்ந்ததும் சற்றே மங்கும் என்பதையும் முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும். நேரத்தைக் கூட்டித் தீர்க்க வேண்டிய குறையைக் கிரேடைக் கூட்டித் தீர்க்க முயல்வதுதான் ஆரம்பப் பயிற்சியாளர்களின் பொதுவான அவசரம். சோகையுற்ற படத்துக்கு மையிட்டு அழகு பார்ப்பது போன்றது அது.

கணினியில் ஒரு விசையை நகர்த்தினால் இவையெல்லாம் நொடியில் முடிகின்றனவே என்பார்கள். முடிகின்றன, மறுக்கவில்லை, ஆனால் எப்போது வேண்டுமானாலும் திருப்பிக்கொள்ளக்கூடிய முடிவைக் கண் முழு மனத்தோடு எடுப்பதில்லை. ஒரு தாள் வீணாகும் என்ற அச்சமே சாம்பலின் தாரதம்மியங்களைக் கண்ணுக்குப் போதிக்கிறது. கைப்பேசித் திரையின் கூரிய கறுப்பு வெள்ளையில் பழகிய நமக்கோ, நடுச் சாயைகள் நிறைந்த படம் மங்கலாகத் தோன்றத் தொடங்கிவிட்டது.

இதனால் விளையும் கேடு ரசனையோடு நிற்பதில்லை. 2003-ஆம் ஆண்டுத் தீவிபத்தில் காப்பகத்தின் நைட்ரேட் சுருள்கள் பல அழிந்துபோயின. எஞ்சியவற்றில் பல பிரதியிலிருந்து எடுத்த பிரதிகள்; அவ்விதம் தலைமுறை தலைமுறையாகப் பிரதி எடுக்கும்போது, கவனம் தவறினால், கான்ட்ராஸ்ட் ஏறிக்கொண்டே போகும் என்பது இத்தொழிலில் அனைவரும் அறிந்தது. 1936-இல் தாம்லேயும் பத்தேலாலும் இயக்கிய ‘சந்த் துக்காராம்’ போன்ற படமொன்றை டிஜிட்டலில் மீட்க அமர்பவர், மூலத்தில் இருந்த மென்மையை ஊகித்துத் திருப்பித் தர வேண்டியவர். காகிதத்தில் பழகாத கண், இருக்கும் வன்மையை இன்னும் கூட்டி, அதையே தெளிவென்று நம்பிவிடும். பின்வரும் தலைமுறை அதையே அசல் என்று கொள்ளும்.

செலவு அதிகம் என்ற ஆட்சேபம் நியாயமானதே. உதகமண்டலத்தில் ‘இந்து’ என்னும் பெயரில் சுருளும் காகிதமும் செய்த அரசாங்கத் தொழிற்சாலை மூடப்பட்டபின், நல்ல காகிதத்துக்கு அயல்நாட்டையே நம்பியிருக்கிறோம். ஆயினும் ஓர் அறை, ஒரு சிவப்பு விளக்கு, ஒரு பழைய என்லார்ஜர், ஓடும் தண்ணீர் ஆகியவற்றுக்கு மேல் இதற்கு வேண்டுவது அதிகமில்லை. ஒளிப்பதிவு கற்பிக்கும் கல்லூரிகள், புனேயிலாயினும் சென்னையிலாயினும், முதலாண்டு மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரே நெகடிவை மூன்று கிரேடுகளில் அச்சிடும் பயிற்சியைக் கட்டாயமாக்கி, அந்தக் காகிதத்தின் விலையையும் தாமே ஏற்க வேண்டும்.