வீட்டை ஏலம் விடும் சட்டமும் நம் கட்சிகளின் மௌனமும்

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வட்டாரத்தில் மளிகைக் கடை நடத்தும் நம்மில் பலருக்குக் கடை வாடகைக் கட்டடம். வங்கியில் ரொக்கக் கடனுக்கு அடமானமாக இருப்பது குடியிருக்கும் வீடு. மெட்ரோ ரயில் வேலைக்காக லஸ்ஸிலும் பனகல் பூங்கா பக்கமும் சாலையை அடைத்தபோது வியாபாரம் படுத்தது. வங்கியின் கணக்கு மட்டும் படுக்காது. 90 நாள் பாக்கி நின்றால் வாராக்கடன்; அதன்பின் 60 நாள் நோட்டீஸ். நாம் ஆட்சேபனை எழுதினால் 15 நாளில் ஒரு பதில் அனுப்பிவிட்டு, வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடலாம். சிவில் கோர்ட்டுக்குப் போக வழியில்லை. கடன் வசூல் தீர்ப்பாயம் ஒன்றுதான் கதி.

இதுதான் 2002-ல் வந்த சர்ஃபாசி சட்டம். நமக்கு வரவேண்டிய பாக்கிக்கு இப்படி ஒரு சட்டம் உண்டா? மொத்த வியாபாரி சில்லறைக் கடைக்காரர் மீது வழக்குப் போட்டால், முத்திரைக் கட்டணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் வாய்தாவுக்கு நடக்க வேண்டியதுதான்.

சட்டம் நிறைவேறியபோது வாஜ்பாய் அமைச்சரவையில் தி.மு.க. இருந்தது. தீர்ப்பாயத்தில் முறையிடவே கேட்ட தொகையில் 75 சதவீதம் கட்ட வேண்டும் என்று அப்போது விதி இருந்தது. பணம் இல்லாதவனிடம் பணம் கட்டிவிட்டு வழக்காடு என்ற கதை! அதை ரத்து செய்தது 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம். நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள் அல்ல. அதே 2004 நவம்பரில், மேல்முறையீட்டுக்கு 50 சதவீதம் கட்ட வேண்டும், குறைத்தாலும் 25-க்குக் கீழே போகக்கூடாது என்று திருத்தம் வந்தது. அப்போதும் தி.மு.க. மத்திய ஆட்சியில். நிதித்துறை இணை அமைச்சரே அக்கட்சியின் எஸ்.எஸ்.பழனிமாணிக்கம்.

கூட்டணியில் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும் என்பார்கள். 2006-ல் நெய்வேலி நிலக்கரி நிறுவனப் பங்கு விற்பனையை இதே தி.மு.க. எச்சரித்தே நிறுத்தியது. மனமிருந்தால் முடிந்திருக்கிறது. நமக்காக அந்த மனம் வரவில்லை. 2012 டிசம்பரில் சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடு பற்றிய வாக்கெடுப்பில் அரசோடு நின்றார்களே, அதை நம் கடைவீதி மறக்கவில்லை. அதே மாதம் சர்ஃபாசி சட்டத்துக்கு இன்னொரு திருத்தமும் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

அ.தி.மு.க. மட்டும் என்ன? 2016 ஆகஸ்டில் அக்கட்சிக்கு மக்களவையில் 37 பேர். அப்போது வந்த திருத்தம்தான் மிகக் கொடியது. முன்பு ஏலம் முடியும்வரை பணத்தைக் கட்டி வீட்டை மீட்கலாம். இப்போது ஏல அறிவிப்பு வெளியானதோடு அந்த உரிமை போய்விடுகிறது. உச்ச நீதிமன்றமும் 2023-ல் இதை உறுதிசெய்துவிட்டது. மாமன் மச்சானிடம் கைமாற்று வாங்கி ஏலத்துக்கு முதல்நாள் ஓடினாலும் பயனில்லை.

வங்கியில் இருப்பது மக்கள் போட்ட பணம்தான். வசூலிக்க வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் பெரிய கம்பெனி நொடித்தால் 2016-ன் திவால் சட்டப்படி கேட்ட தொகையில் மூன்றில் ஒரு பங்கு வந்தாலே போதும் என்று முடித்துக்கொள்கிறார்கள். விவசாய நிலத்துக்கு இந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு, நியாயம். கடைக்காரர் குடியிருக்கும் வீட்டுக்கு ஏன் இல்லை?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சிறு தொழில்கள் நொடிக்கும் முன்பே வங்கி கைதூக்கிவிட 2015-ல் மத்திய அரசு ஒரு மறுவாழ்வு முறையை அறிவித்தது. வங்கிகளை அது கட்டுப்படுத்தும் என்று 2024-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனால் 2021 ஜூலையில் வணிகர்களைச் சிறு தொழில் பட்டியலில் சேர்த்தபோது, முன்னுரிமைக் கடன் என்ற ஒரு சலுகைக்கு மட்டுமே என்று எழுதிவிட்டார்கள். பதிவுச் சான்றிதழைக் கல்லாவுக்கு மேல் மாட்டி வைத்திருப்போர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மே 5 வணிகர் தின மேடைக்கு வரும் தலைவர்களுக்குச் சால்வை போர்த்துமுன் மூன்றைக் கேட்போம்: குடியிருக்கும் வீட்டுக்கு விலக்கு, ஏலம் முடியும்வரை மீட்கும் உரிமை, மறுவாழ்வு முறையில் வணிகருக்கும் இடம். நாடாளுமன்றத்தில் பேசுவேன் என்று எழுதிக் கொடுப்பவர் யார், மழுப்புபவர் யார் என்பதை அடுத்த இதழிலேயே பெயரோடு அச்சிடலாம்.