இளைத்த பின்னும் மருத்துவம் வேண்டும்

"கட்டுப்பாடில்லாதவர், இளைத்த உடம்பை மறுபடியும் பெருக்கிக்கொண்டாரே!" என்று பிறரைப் பற்றி எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நான் இந்தப் பேச்சை ஒப்புவதில்லை. உடற்பருமனுக்கு மருத்துவம் செய்துகொண்டு இளைத்தவர் மீண்டும் பருப்பதற்கு மனவுறுதியின்மை ஒன்றே காரணம் என்று முடிவு கட்டுவது, கல்லூரியில் பயிலும் நமக்கு அழகன்று.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'தி பிக்கஸ்ட் லூசர்' என்ற பெயரில் உடல் இளைக்கும் போட்டி நடந்தது. அதில் கலந்துகொண்ட 14 பேரை ஆறாண்டுகள் கழித்துக் கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழுவினர் சோதித்தனர்; முடிவு 2016இல் வெளியாயிற்று. போட்டியில் சராசரியாக 58 கிலோ இளைத்திருந்தவர்களுக்கு 41 கிலோ திரும்பியிருந்தது. அதுகூடப் பெரிதன்று. சும்மா இருக்கும்போது அவர்கள் உடல் செலவிட்ட ஆற்றல், இருக்கவேண்டிய அளவைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைந்திருந்தது! ஆறாண்டுக்குப் பிறகும்! அவர்களையொத்த எடையுள்ள மற்றொருவருக்குப் போதுமான சாப்பாடு இவர்களுக்கு மிகையாகிவிடுகிறது. போதாக்குறைக்கு, பசியை அடக்கும் லெப்டின் என்ற ஹார்மோனும் குறைந்திருந்தது. பஞ்ச காலத்தில் நம் முன்னோரின் உயிரைக் காத்த தந்திரம் இது. பாவம், பஞ்சம் எது, பத்தியம் எது என்று உடலுக்குத் தெரிவதில்லை.

இப்போது செமாகுளூட்டைடு ஊசி வந்திருக்கிறது. அதனால் நன்றாக இளைக்கிறார்கள். ஆனால் ஊசியை நிறுத்திய ஓராண்டுக்குள், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதாக 2022இல் வெளியான ஆய்வு கூறுகிறது. உடனே "மருந்து பயனற்றது" என்பார்கள். இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறத்தானே செய்கிறது? அந்த மாத்திரையை யாராவது பயனற்றது என்கிறோமா?

அந்தப் போட்டியாளர்களுள் இளைத்த உடலைக் காத்துக்கொண்டவர்கள், உடலுழைப்பை மிகவும் கூட்டிக்கொண்டவர்களே. நடப்பது நல்லதுதான். ஆனால் நாள் முழுதும் கடையில் நின்றுவிட்டு இரவு வீடு திரும்புகிறவரிடம், "நாள்தோறும் ஒரு மணி நேரம் நடங்கள்" என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதுமா? மாதந்தோறும் எடை பார்த்து, அவரவர் வேலைக்கும் வருவாய்க்கும் ஏற்ற உணவைச் சொல்லி, வேண்டியவர்க்கு மருந்தையும் தொடர்ந்து தருகிற பிரிவு ஒன்று அரசு மருத்துவமனைதோறும் இருக்கவேண்டும். எடை இரண்டு கிலோ ஏறியதுமே கூச்சமின்றி அவர் அங்கே திரும்பி வரட்டும். பத்துக் கிலோ ஏறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.